பல் பதிந்த ஈயக்குண்டு

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் கோதுமை அறுத்த வயலில் மெட்டல் டிடெக்டர் கத்திய இடத்தைத் தெர்கெட்டில் என்பவர் தோண்டினார். பழங்காலத் துப்பாக்கியின் ஈயக்குண்டு ஒன்று கிடைத்தது. அதில் பல் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. மயக்க மருந்து இல்லாத காலத்தில், காயம்பட்ட காலை அறுத்தெடுக்கும்போது வலி தாங்காமல் யாரோ ஒரு சிப்பாய் கடித்தது என்றே நினைத்தார். ஒரு வாரமாக அந்த முகம் தெரியாதவன் அவர் மனதை விட்டு அகலவில்லை.

அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களை ஆராயும் ரொவீனா அதை லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"இது மனுஷப் பல்லே இல்ல சார். பன்னி ஏதோ கிழங்குன்னு நெனச்சு மென்னிருக்கு."

"நிச்சயமாவா?"

"தடம் எவ்வளவு அகலம் பாருங்க. சிப்பாய் கதையோட மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்க. ஏமாத்தமா இருக்கா?"

"இல்லம்மா. அப்போ யாரும் வலியில துடிக்கலை, அவ்வளவுதானே" என்றார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.