ஹோஸ் மாற்றிய நாள்

ஆம்னி வேனின் முன்சீட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை யேசுதாஸின் முகத்தில் அடித்தது. இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்து, கிளாம்ப் ஓரம் ஈரம் கசிந்திருந்தது. போன முறை சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, இந்த வாடை தாங்காமல்தான் அவன் மனைவி ரேணுகாம்பாள் ஐயம்பேட்டை வீடு வரும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். கீமோ ஊசி ஏறிய உடம்பு. குழம்பு தாளிக்கிற வாசனையே அவளுக்கு ஆகாது. அடுத்த ஊசிக்காவது நிம்மதியாகப் போய்வரட்டும் என்று பழைய ஹோஸில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குப் போனான்.

ஸ்பேர்ஸ் கடை மாணிக்கவாசகம் துண்டின் வாயை அளந்துவிட்டு இரண்டு சுருளை எடுத்துப் போட்டார்.

"இது சாதா ரப்பருபா. இப்ப வர்ற பெட்ரோலுக்கு சீக்கிரம் வெடிச்சிடும். அது உள்ள தனி லேயர் வெச்சது. வருசக்கணக்கா உழைக்கும்."

"அதையே குடுங்க."

வருசக்கணக்கா என்ற சொல் அவனுக்குப் பிடித்திருந்தது.

வீட்டு வாசலில் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு பெட்ரோல் டேங்கிலிருந்து ஒவ்வொரு துண்டாக மாற்றி வந்தான். முன்சீட்டுக்கு அடியில் கடைசித் துண்டு மட்டும் பாக்கி இருந்தபோது, மகள் பிரவீனா போனும் கையுமாக வந்து நின்றாள்.

"அப்பா, டாக்டர் பேசினாரு. இனிமே ஊசி வேணாமாம். அம்மாவுக்கு ஒடம்பு தாங்காதாம். வலிக்கு மாத்திர குடுத்து, வீட்லயே வெச்சிப் பாத்துக்கச் சொல்றாரு."

அவன் நிமிரவில்லை. கிளாம்பைத் திருகினான். போதும் என்று தெரிந்தும் திருகினான். ரப்பர் பிதுங்கியதும் கை நின்றது; கொஞ்சம் தளர்த்தினான். இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் தடவி விரலை மோந்து பார்த்தான். கண் கலங்கியதற்குப் பெட்ரோல் மேல் பழிபோட முடியவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

ரேணுகாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எல்லாம் காதுல உழுந்துச்சுய்யா. வண்டி ரெடியாயிடுச்சில்ல? சும்மா நிக்க வெக்காத. திருமுக்கூடல் கூட்டிக்கினு போ. ஆத்துல தண்ணி போவுதாம்."

திருமுக்கூடலில் அவளால் இறங்க முடியவில்லை. கரையோரம் நிறுத்திக் கதவைத் தள்ளித் திறந்துவைத்தான். மூன்று ஆறும் சேர்ந்து செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

"வாங்கேன்," என்றாள் ரேணுகாம்பாள்.

எதையும் வாயில் வைக்காதவள் கேட்கிறாள். அவன் தோல் உரித்து ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் ஆற்றைப் பார்த்தபடி மெதுவாக மென்றாள். அடுத்ததையும் உரித்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, அவள் விழுங்கட்டும் என்று காத்திருந்தான்.