வாடாத பாத்தி

துன்பத்தில் விளைவதே மருந்து. மானுடத்தின் பிணியெல்லாம் தீர வேண்டுமென்றால் யாராவது வாடித்தான் ஆக வேண்டும். மூலிகைப் பண்ணையின் இயக்குநர் இதை எல்லா மேடைகளிலும் முழங்குவார். முழங்கிவிட்டு ஏசி அறைக்குத் திரும்பிவிடுவார். வாடுவது செடிகளின் பொறுப்பு.

மண் உவர்மண். காலையில் பார்த்தால் உப்புப் பூத்து, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். அதில் மலச்சிக்கலுக்கு மருந்தாகும் நிலாவாரை மட்டும் பிடிவாதமாக வளர்ந்தது. பறிப்பதற்கு முன் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட வேண்டும். தாகத்தில் இலைக்கு வீரியம் ஏறும். பண்ணையில் இதற்கு வாட்டம் போடுவது என்று பெயர். குழாய்ப் பூட்டின் சாவி இயக்குநருடைய தங்கை கணவரிடம் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் உரக்கொட்டகையில்தான் குடியிருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை.

மருந்துக் கம்பெனிக்காரர் இலை பார்க்க வந்த அன்று எல்லாப் பாத்திகளும் சொன்ன பேச்சுக் கேட்டு வாடியிருந்தன. வேலியோரப் பாத்தி மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல் தளதளவென்று நின்றது. இயக்குநர் அதில் ஓர் இலையைப் பறித்து மென்றார். "சக்கை!" என்று துப்பினார்.

"இது மத்ததோட கலந்திருந்தா எல்லாமே வீண்தான் சார்," என்று கம்பெனிக்காரர் வண்டியேறிவிட்டார்.

"மாப்பிள்ளை, திருட்டுத்தனமா தண்ணி விட்டீங்களா?"

"சத்தியமா இல்ல மச்சான். எங்களுக்குக் குடிக்கவே நீங்க அளந்துதானே தர்றீங்க."

"அதான் சந்தேகமே. குடிக்காம மிச்சம் பிடிச்சு ஊத்தியிருப்பீங்க. இரக்க சுபாவம்!"

தங்கை ஓடிவந்தாள். "அண்ணே, இவருக்கு என் மேலயே இரக்கம் கிடையாது. செடி மேலயா வரப்போகுது?"

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "ஒப்புக்கிட்டா விஷயம் இதோட முடிஞ்சுது. என் தங்கச்சியை நான் வெளிய தள்ளுவேனா?"

மாப்பிள்ளை மனைவியின் நிறைமாத வயிற்றைப் பார்த்தார். "சரி. நான்தான் ஊத்தினேன்."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்!" இயக்குநர் வேலையாட்கள் பக்கம் திரும்பினார். "திருடனுக்கு என் பண்ணையில இடமில்லை."

"தள்ள மாட்டேன்னியே அண்ணே!"

"உன்னை எங்கேம்மா தள்ளினேன்? அவனைத்தான் தள்ளுறேன். பொண்டாட்டி நீயாத்தானே பின்னால போகப் போறே."

பெரிய மனசோடு ஓர் ஆசீர்வாதமும் செய்தார்: "கொஞ்சம் கஷ்டப்படுங்க. வீரியம் ஏறும்."

வெயில் சாய்வதற்குள் கொட்டகை காலியானது. பாயும் பாத்திரமும் உரவண்டியில் ஏறின. முன்னால் இடமில்லாததால் பிள்ளைத்தாய்ச்சியும் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

சாவி இப்போது இயக்குநரின் இடுப்பிலேயே தொங்கியது. ஆனாலும் வேலியோரப் பாத்தி வாடவில்லை, முன்னைவிடக் கொழுத்தது. கடைசியில் ஓர் ஆளை விட்டு அங்கே தோண்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில் ஒரு குழாய் விரிசல் விட்டிருந்தது.

அது இயக்குநர் வீட்டுக் கழிப்பறையிலிருந்து வரும் குழாய்.