டிக்கெட் எடுக்காத பறவை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, வேலியோரம் பொறுக்கினேன். பறவைப் பூங்காவில் தகாஹே என்ற பறவையின் அடைப்புக்கு முன்னால் ஒரு வயதான ஜோடி சண்டை போட்டது. உள்ளே நின்றதை அந்தம்மா தகாஹே என்றார், அவர் பூகேகோ என்றார். நான் பக்கத்தில் சீஸ் ஸ்கோனைத் தின்றபடி ஒட்டுக்கேட்டேன். ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். பறவைகளின் பெயரை மாற்ற முடியாது, வம்பே அதில்தான்.

இரண்டும் நீலம், இரண்டுக்கும் சிவப்பு அலகு. தகாஹே குண்டு, பறக்காது, நாடு முழுக்கத் தேடினாலும் சில நூறுதான். பூகேகோ ஒல்லி, நெட்டைக்கால், எந்தச் சாலையோரத்திலும் நிற்கும். முன்னதற்கு வேலி, மருத்துவர், ஸ்பான்சர். பின்னதற்குத் துப்பாக்கி. நியூசிலாந்தில் மரியாதை வேண்டுமென்றால் முதலில் கிட்டத்தட்ட அழிந்துபோக வேண்டும்.*

2

முதல் தொடக்கம்: "பனி விலகாத காலையில், பூங்காவின் மரக்கதவு மெல்ல—" சீ, சுற்றுலாத் துறையிடம் காசு வாங்கியவன் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "நோயலினுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது." இது நிற்கும். நிஜத்தில் அந்தம்மாவுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது, கெடுத்தவன் நான். வெறும் பறவைச் சண்டைக்கு நீங்கள் உட்கார மாட்டீர்களே, ஒரு நோயாவது வைக்க வேண்டியிருக்கிறது.

ஆக, எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு மங்கல். முழுக்க மறைவதற்குள் ஒரு தகாஹேயைப் பார்த்துவிட வேண்டும் என்பது நோயலினின் ஆசை. புருஷன் பெவன் மாட்டுப்பண்ணைக்காரர். தீவனப் பயிரைப் பிடுங்கும் பூகேகோக்களை ஆயுளெல்லாம் சுட்டவர்.

3

தகாஹே புதருக்குள் போய்ப் படுத்துவிட்டது. அரியவர்களுக்கு அந்தத் திமிர் உண்டு. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஒரு பூகேகோ வேலி தாண்டிப் பறந்து வந்து, அதன் தட்டில் வாய்வைத்தது.

"பெவன்! வந்துட்டா பாரு மகராசி! என்ன நீலம்!"

பெவனுக்கு விரல் துருதுருத்தது. (பழக்கம்.)

"என்ன கிழவா, அழகா இருக்காளா?"

"அழகாத்தான் இருக்கு, சனியன்."

"சனியனா?"

"சந்தோஷத்துல சொன்னேன் நோயலின்."

பூங்காவில் வேலைசெய்யும் மெரேயானா தீனி வாளியோடு வந்தாள். "அட, ஓசிச் சோறு திங்க—" பெவன் அவளை ஓரமாக இழுத்துப்போனார்.

"தாயி, காட்டிக் குடுத்துடாத. அவளுக்குக் கண்ணு போகுது."

"அந்த உள்ள கெடக்குற பறவைக்காக நாங்க உசுர விடுறோம் மாமா. இதப் போயி அதுன்னு சொல்லணுமா?"

"சொல்ல வேணாம். சும்மா இரு."

"அது வெளிய வந்துட்டா?"

"வராது."

"அத அதுகிட்டச் சொல்லு." வாளியை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நோயலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போதும் பெவன். இனிமே இருட்டினாலும் பரவாயில்ல."

4

முடிவுகள்.

நோயலினுக்கு முதலிலிருந்தே தெரியும்— அடித்துவிட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் மனைவிக்கு எல்லாம் தெரிந்தே இருக்கும். எழுதுவது கணவன்மார்கள் அல்லவா.

பெவன் அன்றோடு துப்பாக்கியைத் தொடவில்லை— நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கெடுத்தவன் நான்தானே. ஆனால் கண் தெளிந்ததும் முதலில் தெரியப்போவது அந்த நெட்டைக்கால்.

5

இருவரும் கைகோத்துக் கஃபே பக்கம் நடக்கிறார்கள். இத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்காமல் ஒரு வரி எழுதித் தொலைத்தேன்: தகாஹே வெளியே வந்தது.

குண்டாக, பச்சை முதுகில் வெயில் பட, பூகேகோவை முட்டித் தள்ளிவிட்டுத் தட்டின்முன் நின்றது. திரும்பிப் பார்த்தவர் பெவன் மட்டும்தான். கூப்பிட்டால் நோயலின் நிஜப் பறவையைப் பார்ப்பாள். இரண்டும் பக்கத்தில் நிற்க, எதைப் பார்த்து அழுதோம் என்பதும் தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால் அவள் கண்ணுக்கு இன்னொரு தடவை கிடையாது.

"ஏன் நின்னுட்ட? என்ன அங்க?" என்கிறாள்.

வரியை அடித்துப் பார்த்தேன், பறவை போகவில்லை. உங்களுக்காகத்தான் அவள் கண்ணைக் கெடுத்தேன், பதிலையும் நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், அவள் திரும்புகிறாள்.

* எழுத்தாளர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்காதீர்கள். வயிறு எரிகிறது.