வராத பந்துக்குக் கட்டம் இல்லை

பதினாறு வருடம் கோல்கீப்பராக நின்றவளுக்கு மனிதர்களின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகப் பழக்கம். எனக்கு முன்னால் ஆடிய தடுப்பாட்டக்காரிகளை எல்லாம் முதுகை வைத்தே அளந்திருக்கிறேன். பயந்தவளின் முதுகு, பந்து வருவதற்கு முன்பே திரும்பிவிடும். வீரம் காட்டுகிறவளின் முதுகு எங்கோ தூரத்தில் தெரியும். அவளுக்கும் எனக்கும் நடுவில் எதிரணி குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

இப்போது முழங்கால் இரண்டும் கெட்டு, பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான ஹாக்கி முகாமுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் பார்வையாளராக இருக்கிறேன். பையன் ஒருவனுக்கு ஒரு தாள். எதிராளி மட்டையிலிருந்து பந்தைப் பறித்தால் அதற்குப் பெயர் டேக்கிள், அதற்கு ஒரு கட்டம். குறுக்கே புகுந்து மறித்தால் ஒரு கட்டம். கோல்கீப்பருக்கு, விட்ட கோலுக்கு ஒரு கட்டம். நடக்க நடக்கக் கோடு போட வேண்டும். மாலையில் கோடுகளைக் கூட்டினால் பையனின் எதிர்காலம் வந்துவிடும். இப்படித்தான் எங்கள் தலைவர் நம்புகிறார். கெட்ட மனிதர் இல்லை. தராசை நம்புகிற மனிதர், அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஒரு வாரத்தில் ஆறு ஆட்டம். முதல் நாளே ஒரு முதுகைப் பார்த்து நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒல்லியான பையன். ஓடுவதே அபூர்வம். மற்றவர்கள் அவனைத் தூண் என்று கூப்பிட்டார்கள், கிண்டலுக்குத்தான். எதிரணியின் முன்வரிசைக்காரன் பந்தோடு வருவான்; தூண் இரண்டடி இடப்பக்கம் நகர்வான். வந்தவனுக்குப் போக வழி இருக்காது, பந்தைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்புவான். அவ்வளவுதான் நடந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பதினாறு வருடமும் எனக்கு முன்னால் இப்படி ஒரு ஜீவன் நின்றிருந்தால் என் முழங்கால் இன்றும் நல்லபடி இருந்திருக்கும்.

அவனுக்குப் பின்னால் கோலில் நின்றவன் அவனுடைய சிநேகிதன், ஓயாமல் கத்துகிறவன், பெயரே வாயாடி. இருவரும் ஒரே சைக்கிளில் வந்து போவார்கள். ஐந்து ஆட்டத்தில் வாயாடி விட்டது ஒரே கோல். புகழ் முழுக்க அவனுக்கு. தூணின் டேக்கிள் கட்டத்தில் ஐந்து ஆட்டத்துக்கும் சேர்த்து எட்டுக் கோடுகள். அவனோடு போட்டியிட்ட மற்றவர்கள் மூன்றே ஆட்டத்தில் அதைத் தாண்டியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் நான் தலைவரிடம் வாதாடினேன். அவன் பக்கமாகப் பந்தே வருவதில்லையே, வராத இடத்தில் ஏன் நிற்கிறான் என்றார். அவன் நிற்பதால்தான் வருவதில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. வராத பந்துக்கு எந்தக் கட்டத்துல கோடு போடறது? காட்டுங்க, போடறேன்."

தாளைப் புரட்டினேன். அப்படி ஒரு கட்டம் இல்லை. கடைசி ஆட்டத்துக்கு மதிப்பெண் இரட்டிப்பு, அதில் பையன் ஏதாவது செய்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தூணுக்கு இரண்டு மாதத்தில் வயது தாண்டுகிறது. அடுத்த தேர்வு என்று ஒன்று அவனுக்குக் கிடையாது.

வெளியே வந்தால் அவனுடைய அம்மா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து வேலி ஓரத்தில் நிற்பவள். தேர்வு வாரத்தில் நாங்கள் ஆட்டக்காரர்களிடமோ வீட்டாரிடமோ பேசக் கூடாது என்பது விதி. தலையசைத்துவிட்டு நகரப் பார்த்தேன். அவள் விடவில்லை. பையன் வீட்டில் சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்றாள். "அக்கா, அவன் என்ன தப்பு பண்றான்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்குவான்."

தப்பு ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது என்னை மட்டும் அல்ல. சைக்கிள் அருகே நின்ற பையனைக் கூப்பிட்டேன். நாளை ஒரு நாள் பந்தைத் தேடிப் போ, தட்டிப் பறி, கட்டம் நிரம்பட்டும் என்றேன். முகாமுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு உன் இஷ்டம்போல் ஆடலாம் என்றும் சொன்னேன்.

"நான் இடத்த விட்டுப் போனா பின்னாடி காலியாயிடுமே மேடம்."

"ஒரு நாள்தானேப்பா" என்றேன்.

மறுநாள் அவன் நான் சொன்னபடி செய்தான். அந்தப் பிள்ளையிடம் உள்ள கோளாறே அதுதான், சொன்னால் கேட்பான். நடுக்கோடு வரை பாய்ந்து போய்ப் பறித்தான். விழுந்தான், எழுந்தான், மறுபடி பாய்ந்தான். கைதட்டல் கேட்டது. வேலி ஓரத்தில் அவன் அம்மா கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பதினொரு கோடுகள் போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் அவன் விட்டுப்போன வாசல் வழியாக எதிரணி நடந்து வந்தது. வாயாடி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் கத்துவதையே நிறுத்திவிட்டான். தனியாக எதிரே வந்தவர்களிடம் நான்கு கோல். மூன்றாவதில் அவன் மண்டியிட்டபடி தூணை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. என்னடா ஆச்சு உனக்கு என்று கேட்கிற பார்வை. நான் தாளில் கண்ணைப் புதைத்துக்கொண்டேன்.

அன்று மதியம், பார்வையாளர் மாடத்துக்குக் கீழே உள்ள அறையில் பட்டியல் எழுதப்பட்டது. தலைவருக்கு உற்சாகம். பையன் உள்ளுக்குள் இவ்வளவையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான், முகாமில் இப்படியே வளர்த்தெடுக்கலாம் என்றார். தூண் உள்ளே. முகாமில் கோல்கீப்பருக்கு இரண்டே இடம்; இரட்டிப்பான நான்கு கோலோடு வாயாடி மூன்றாவது. அவன் பெயர் மேல் கோடு விழுந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு தாங்காமல், அந்த நான்கு கோலும் கோல்கீப்பர் தப்பில்லை என்றேன். யார் தப்பு என்று கேட்டார். தடுப்பாட்டக்காரன் இடத்தை விட்டுப் போனதால் வந்தது என்றேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்த நாலும் அவன் கணக்குக்குப் போகும்; அவன் பேர அடிச்சுட்டு கீப்பர சேத்துடறேன். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றால் விதியை மீறிப் பயிற்சி பெற்றவன் என்று தூணின் பெயர்தான் முதலில் போகும். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் ஒரு பிள்ளை வெளியே. பேனாவை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் பட்டியலுக்குக் கீழே பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்குத்தான் அங்கே எனக்கு இடம் இருந்தது.

கதவில் பட்டியலை ஒட்டினார்கள். வாயாடி ஒரு தடவை படித்தான், மேலிருந்து கீழாக மறுபடி ஒரு தடவை படித்தான். தூணின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சைக்கிளைத் தொடாமல் நடந்தே போய்விட்டான். அம்மாக்காரி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பையன் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"அவன் ஒண்ணும் பண்ணல மேடம். நான் நின்னிருந்தா அந்த நாலும் வந்திருக்காது. உள்ள போய்ச் சொல்லிட்டு வரேன்."

சொல்லிக்கொண்டே கதவை நோக்கித் திரும்பினான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். சலவைச் சோடாவில் வெந்து வெளுத்த கைகளைச் சேர்த்துக் கும்பிட்டாள்.

"அக்கா, நீங்க சொன்னா கேப்பான்."

அவன் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டான். மூன்று நொடி இருக்கும். அந்தப் பையனை வாழ்நாளில் எவரும் இவ்வளவு சரியாக அளந்ததில்லை. நான் என்ன சொன்னால் அவன் என்ன செய்வான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"போகாத" என்றேன்.

கையை எடுத்துவிட்டான்.