கேரவன் நிற்க ஒரு வீடு

ராய்ஸ் ஹேட்சர் இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவன். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை. தூக்கமெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த படுக்கையில்தான். நெஞ்சைத் திறந்து தைத்த டாக்டர்கள் இனி லாரியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட, படுத்துறங்க வசதியுள்ள தன் பழைய கேரவன் வண்டியை இழுத்துக்கொண்டு டல்சா நகரில் இருந்த அண்ணன் லீலண்ட் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அண்ணி கோரினும் மகள் டெஸ்ஸும் அவனுக்கென்று ஓர் அறையை ஒழித்து, புது விரிப்பு போட்டு வைத்திருந்தார்கள். முதல் ராத்திரியே அவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு கேரவனுக்குப் போய்விட்டான். அதன் ஏ.சி. விடியும்வரை உறுமிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. அறைக்குள்ள படுத்தா பெட்டியில வச்சு மூடின மாதிரி இருக்கு."

"எங்க வேணா படுத்துக்கோ. சாப்பாட்டுக்கு மட்டும் உள்ள வந்துடணும். அங்க டப்பா பீன்ஸைத் தின்னுட்டுக் கெடந்தே, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

ஒரு வாரம் போயிருக்கும். குடியிருப்போர் சங்கத்திலிருந்து பெவர்லி வந்தாள், கையில் பீச் பழம் வைத்துச் சுடச்சுடச் செய்த பலகாரம்.

"உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல கோரின். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. கேரவன் ஒரு நாளைக்கு மேல வீட்டு முன்னால நிக்கக் கூடாது."

"என் கொழுந்தன் ஒரு நாளைக்கு மேல இருப்பானே?"

"அவர் தாராளமா இருக்கட்டும். வண்டிதான் கூடாது."

பலகாரத்தை வாங்கி வைத்துவிட்டு கோரின் கதவைச் சாத்தினாள். ராய்ஸ் அதற்குள் கேரவனுக்கு இழுத்திருந்த மின்வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் கேரவன் நிறுத்த வாடகை இடம் இருக்கிறது, அங்கே போய்விடுகிறேன் என்றான்.

"நெஞ்சுல தையலோட தனியா அங்க போய்க் கெடப்பியா? ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவே?" அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இவன் போகல லீலண்ட். நாமதான் போறோம்."

"எங்கே?" என்றான் லீலண்ட்.

"சங்கம் இல்லாத எடத்துக்கு."

லீலண்ட் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அதிகம் பேச மாட்டான். அந்தச் சமையலறை அலமாரிகளையெல்லாம் அவனே தன் கையால் செய்திருந்தான். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றான்.

வீடு காட்ட வந்த தரகர் மேவிஸ் அலுத்துப்போனாள். "எல்லாரும் பள்ளிக்கூடம் பக்கமா, கூரை ஒழுகுமான்னு கேப்பாங்க. நீங்க கார்ல இருந்து எறங்கறதுக்கு முன்னாடியே சங்கம் இருக்கான்னு கேக்கறீங்களே!"

புது வீடு என்றால் சங்கம் இருந்தது. பழைய வீடு ஒன்றில் சங்கம் இல்லை. ஆனால் கேரவனும் கோழியும் ஆகாது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. இன்னொரு தெருவில் சங்கம் ஆரம்பிக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் கோரின் காரை விட்டே இறங்கவில்லை.

கடைசியில் ஊரைத் தாண்டி, சரளைக்கல் சாலையில் ஒரு வீடு அமைந்தது. சமையலறை இருட்டு. பக்கவாட்டில் மட்டும் நான்கு கேரவன் நிற்கலாம். அடுத்த வீட்டு முற்றத்தில் பிரித்துப்போட்ட டிராக்டர் ஒன்றும், அதன் மேல் ஏறி நின்ற சேவல்களும் தெரிந்தன.

"வீடா, பழைய இரும்புக் கடையா அது?" என்றான் லீலண்ட்.

"சங்கம் இல்லன்னா யாருக்கும் இல்ல," என்றாள் மேவிஸ். "அவருக்கும் சேர்த்துத்தான்."

குடிபோன பிறகுதான் அதன் பொருள் கோரினுக்கு முழுதாகப் புரிந்தது. சேவல்களுக்கு விடியல் என்பது நாலு மணி. ஒரு வாரம் பொறுத்தாள். யாரிடம் முறையிடுவது? யாரும் இல்லை. நேரே போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். வர்ஜில் ஸ்டாம்ப்ஸ் கிரீஸ் கையோடு வந்து நின்றார்.

"உங்க சேவலுங்க எங்களைத் தூங்க விடறதில்லைங்க."

"உங்க கேரவன் ஏ.சி. ராத்திரி பூரா உறுமுதேம்மா. நான் வந்து கேட்டேனா?"

கோரின் முகம் சிவந்தது. "கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க சேவலைப் பத்திக் கேட்டுடுவீங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமையே வர்ஜில் கோழிக்கூண்டை முற்றத்தின் மறுகோடிக்கு மாற்றினார். கனம் தூக்கக் கூடாத ராய்ஸ் ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊர் சாலையோரக் கடையில் நல்ல மெத்து ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே நின்றான். பிறகு அவன் பகலெல்லாம் வர்ஜிலின் டிராக்டர் பக்கம்தான்.

மே மாதம் ஒரு மாலை வானம் பச்சை நிறமாக மாற, ஊரில் புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. லீலண்ட் நகரத்தில் வேலையில் இருந்தான். வர்ஜில் ஓடிவந்து கதவை இடித்தார். "சுழல்காத்து இந்தப் பக்கந்தான் வருது! என் நிலவறைக்கு வாங்க, சீக்கிரம்!"

கோரின் மகள் டெஸ்ஸை அவரோடு அனுப்பிவிட்டுக் கேரவனுக்கு ஓடினாள். ராய்ஸ் வாசற்படியை விட்டு அசையவில்லை.

"நீங்க போங்க அண்ணி. அந்தக் குழிக்குள்ள என்னால முடியாது."

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "உனக்காக வீட்டையே மாத்தினவ நான். இப்ப உன்னைக் காத்துக்கா தூக்கிக் குடுப்பேன்? நடடா!"

நிலவறை சிமெண்டுப் பெட்டிதான். ஒரு விளக்கு, நாலு மனிதர்கள், கூடைகளில் கோழிகள். ராய்ஸுக்கு வியர்த்துக் கொட்டியது. அண்ணியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினான். மேலே காற்று இரைந்தது. இரைச்சல் ஏற ஏற டெஸ் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திடீரென்று ராய்ஸின் பிடி தளர்ந்து, தலை சரிந்தது.

"ராய்ஸ்! ஐயோ, ராய்ஸ்!" கோரின் அவன் நெஞ்சில் காதை வைத்தாள்.

"என்னம்மா ஆச்சு?" வர்ஜில் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

அவள் நிமிர்ந்தபோது கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "குறட்டை விடறான்."

வெளியே வந்தபோது வீடு நின்றது. கூரையில் கொஞ்சம் ஓடு போயிருந்தது. கேரவன் மட்டும் வர்ஜிலின் வயலில் மல்லாந்து கிடந்தது. ராய்ஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சாலையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் காரைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்த லீலண்ட், மூச்சு வாங்க மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே," என்றான் ராய்ஸ் மெதுவாக. "கேரவனுக்குத்தானே இங்க வந்தோம். இப்ப அதுவே இல்ல. நீங்க பழைய எடத்துப் பக்கமே போயிடலாம்."

"கேரவனுக்கு எவன்டா வந்தான்?" என்றான் லீலண்ட்.

கோரின் வேறு யோசனையில் இருந்தாள். "அந்தக் குழிக்குள்ள எப்படிடா தூங்கினே?"

"அந்தச் சத்தம்தான் அண்ணி. லாரி ஓடிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு."

இத்தனை நாளும் இவனைத் தூங்கவிடாமல் செய்தது நாலு சுவர் அல்ல, அமைதிதான் என்று கோரினுக்குப் புரிந்தது. அவள் நேரே வர்ஜிலின் பட்டறைக்குப் போய், அங்கிருந்த பெரிய இரும்பு மின்விசிறியை இரவல் வாங்கி வந்து பின்னறையில் வைத்தாள். அது சுழன்றால் ஜன்னல் அதிரும். ராய்ஸ் அன்று அந்த அறையில் படுத்தான். மறுநாள் காலை உணவு ஆறிப்போகும்வரை எழவில்லை.

"சித்தப்பாவை எழுப்பட்டுமாம்மா?" என்று டெஸ் மின்விசிறியின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்டாள்.

"வேண்டாம், தூங்கட்டும்!" என்று கோரினும் கத்தினாள்.

அந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசுவது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.