மங்களம் போட்ட அறுபத்தொரு கோடு

அந்தச் சனிக்கிழமை மழை பெய்ததா இல்லையா என்பதில் எனக்கே சந்தேகம். ஒருமுறை சொல்லும்போது காலையில் தூறல் இருந்தது என்றாள் பமேலா. இன்னொருமுறை வெயில் மண்டையைப் பிளந்தது என்றாள். பக்கத்து வீட்டு மங்களத்தைக் கேட்டால் குடை விரித்தது நினைவிருக்கிறது, எதற்கு விரித்தோம் என்பதுதான் நினைவில்லை என்பாள். அன்று எண்ணிய மொத்தம் நூற்று எண்பத்தேழா, எண்பத்தொன்பதா என்பதையும் நான் அடித்துச் சொல்லமாட்டேன். எண்பத்தேழு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கால்வின் பேரில் விழுந்த கோடுகள் அறுபத்தொன்று. அது மட்டும் தப்பாது. பல்லிடுக்கில் மாட்டிய நாரைப் போல அந்த எண்ணைப் பமேலா ஒரு வாரம் வைத்துக்கொண்டு அலைந்தாள்.

ஈப்போவில் தாமான் மெர்பாவ் என்று ஒரு குடியிருப்பு. வீடுகளின் பின்சந்துக்கும் லொங்காங் என்னும் பெரிய சாக்கடைக் கால்வாய்க்கும் நடுவே இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நீளத் துண்டு நிலம் கிடந்தது. அந்த இடமெல்லாம் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் பால் லாரி போன தடம் அது. லாரி நின்று முப்பது வருடம் ஆயிற்று. லாலான் புல், யாரோ கொண்டுவந்து போட்ட சோபா, தானாக முளைத்த வாழை, எப்படியோ வெட்டுக்குத் தப்பிய ஏழெட்டு ரப்பர் மரங்கள். லாலானுக்குள் ஓர் அடி அகலத்தில் ஒரு மண்தடம் மட்டும் புல் முளைக்காமல் வெளுத்துக் கிடக்கும். கால்வின் நடந்து நடந்து விழுந்த தடம்.

கால்வின் பமேலாவின் தம்பி. நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டாவது வயதில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்தவன். மாதம் ஓர் ஊசி, தினம் இரண்டு மாத்திரை, தவறாமல் போட்டுக்கொள்வான். யார் வம்புக்கும் போகமாட்டான். கால் மட்டும் நிற்காது. இரும்புப் பாலத்திலிருந்து ரப்பர் மரங்கள் வரை நானூறு மீட்டர். போவான், முதல் மரத்தை உள்ளங்கையால் தொடுவான், திரும்புவான். ஒரு நவம்பர் மழையில் மூன்று நாள் வெளியே போகமுடியாமல் கூடத்தில் சுவருக்குச் சுவர் நடந்தான். நான்காம் நாள் கண் சிவந்து, பேச்சு மாறி, பமேலாவையே யாரென்று கேட்டான். வேறொரு தடவை புதர் மண்டிக் கிடக்கிறதென்று பெரிய ரோட்டில் நடக்கப்போனவனை மோட்டார் சைக்கிள் இடித்து முட்டி உடைந்தது. அந்த நிலம் கையைவிட்டுப் போனால் தம்பியும் போனான் என்பது பமேலாவுக்குத் தெரியும்.

நிலத்துக்கு இரண்டு பேர் வழி சொன்னார்கள். ஒன்று, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மட்டும் ஒரு பாதை. காடியும் மோட்டாரும், அதாவது காரும் பைக்கும், உள்ளே வராது. இன்னொன்று, பின்பக்கம் புதிதாக வந்த கடைவரிசைக்குக் குறுக்கு ரோடு. ரோடு வேண்டும் என்றவர் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஜெயபாலன். முப்பது வருடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"மனுசன் எங்க வேணா நடப்பான் லா. காடி நடக்குமா?" என்பார்.

இரண்டில் எது என்று எழுதித்தர நகரத் திட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கோகிலன் என்ற இளைஞன் வந்தான். நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்தான். சட்டையெல்லாம் ஒட்டுப்புல்லோடு நின்றுகொண்டு, "ஒரு சனிக்கிழமை காலையில ஆறரையிலேருந்து சாயந்தரம் ஏழு வரைக்கும் எண்ணுங்க. நூத்தம்பது தாண்டுனா பாதைன்னு எழுதுறேன். தாண்டலன்னா என்னால ஒண்ணும் செய்யமுடியாது" என்றான். சங்கத்துக்குச் செயலாளர் பமேலா. எண்ணும் வேலையை அவளே வாங்கிக்கொண்டாள். துணைக்கு மங்களம் வந்தாள்.

சனிக்கிழமை பமேலாவுக்கு அரைநாள் வேலை. ஒரு பல் கிளினிக்கில் பேர் பதியும் கௌண்டர். எட்டு மணிக்குக் கிளம்பும்போது அவளுக்கு மனசே இல்லை.

"போயிட்டு வா பொண்ணு," என்றாள் மங்களம். "சுங்காய்த் தோட்டத்துல பத்தொன்பது வருசம் இருட்டுலயே பெரட்டுக்கு நின்னு பேர் குடுத்தவ நான். ஒரு நாள் நாலு மனுசனை எண்ணமாட்டேனா?"

இரண்டரைக்குத் திரும்பி வந்தபோது மங்களம் குடைக்குக் கீழே மீ கோரெங் பொட்டலத்தை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முட்டியில் அட்டை. அட்டையில் நாலு கோடு, குறுக்கே ஒன்று, நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று அழகாகக் கட்டுக்கட்டாய் விழுந்திருந்தது. நடை ஒரு வரிசை, சைக்கிள் ஒரு வரிசை. ஓரத்தில் பென்சிலால் மூன்றாவதாக ஒரு வரிசை. அதன் தலையில் 'கா' என்று ஓர் எழுத்து.

"இது என்னக்கா, கா?"

"ஒந்தம்பிதான். வாரான், போறான், வாரான், போறான். மத்தவங்களோட கலந்தா எனக்குத் தலை சுத்துது லா. அதான் தனி நெறை குடுத்துட்டேன்." ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டும் ஆள் ஒவ்வொருவருக்கும் தோட்டத்தில் பிரித்துக்கொடுக்கும் மர வரிசைக்கு நெறை என்று பேர்.

"ஒரே ஆளை ஒரு தடவதானக்கா எண்ணணும்?"

மங்களம் சாப்பிடுவதை நிறுத்தினாள். "பால் கொட்டாயில ஒரே ஆளு மூணு வாளி கொண்டாந்தா கணக்கெழுதுற கிராணி மூணு கோடு போடுவானா, ஒரு கோடா? வாளிய எண்ணுவானா, மூஞ்சிய எண்ணுவானா?"

பமேலா பென்சில் கோடுகளை விரலால் எண்ணினாள். மங்களம் பேசிக்கொண்டே போனாள்.

"தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு, எத்தனை ஆச்சுக்கான்னு கேட்டான். முப்பத்தெட்டுன்னேன். சிரிச்சான் பாரு! அதுக்கப்புறம் என்னா வேகம்ங்கற."

கால்வின் சிரித்தான் என்பது பமேலாவுக்குப் புதிய செய்தி. ரப்பர் மரங்களின் பக்கம் பார்த்தாள். வெள்ளைச் சட்டை ஒன்று மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மங்களம் பென்சிலை எடுத்தாள்.

ஏழு மணிக்கு மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து நூற்று இருபத்தாறு. கால்வின் அறுபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்து, கோகிலன் கொடுத்த படிவத்தில் எழுத உட்கார்ந்தாள். அதில் இரண்டே கட்டம். நடை. சைக்கிள். மூன்றாவது வரிசைக்கு இடமில்லை. இடமில்லாததற்கு நான் என்ன செய்ய என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறுபத்தொன்றை நடைக்குள் கூட்டி, மொத்தம் நூற்று எண்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மங்களத்தின் அட்டைத் தாளைக் கிழிக்கத்தான் எடுத்தாள். கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவஸ்தை. திங்கட்கிழமை கிளினிக்கில் ஒருவர் பேரைச் சொல்லி இன்னொருவரை உள்ளே அனுப்பிவிட்டாள். நாற்காலியில் உட்காரமுடியவில்லை. கௌண்டரிலிருந்து தண்ணீர்க் கலன், தண்ணீர்க் கலனிலிருந்து கௌண்டர். தம்பியின் கால் தனக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தாள். பொய்யா எழுதினோம்? ஒவ்வொரு கோடும் அவன் நடந்த நடைதானே? மங்களம் கேட்டது நியாயம்தானே? நியாயம் என்றால் தாளை ஏன் மடித்து வைக்கவேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வியில் வந்து முட்டி நின்று, மறுபடி தண்ணீர்க் கலனுக்குப் போவாள்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். அந்த வீட்டில் பேச்சு எப்போதும் குறைவு. மீன் குழம்பு ஆறும்வரை, மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். இருவருக்கும் அது பழக்கம். அதில் ஒரு குறையும் இல்லை. அன்று கால்வினே வாயைத் திறந்தான்.

"அக்கா, பாதை வந்தா கேட்டு போட்டுப் பூட்டுவாங்களா?"

"யார் சொன்னா?"

"ஜெயபாலன் அண்ணே கடையில பேசுனாரு. வீட்டுக்கு ஒரு சாவியாம்." சோற்றைப் பிசைந்தான். "நமக்குக் குடுப்பாங்களா?"

பமேலா மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு அவன் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கூடத்தில் நடக்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை பாலாய் மண்டபத்தில் கூட்டம். முப்பது நாற்காலி, பதினாறு பேர். கோகிலன் சுவரில் வரைபடம் காட்டி, நூற்று எண்பத்தேழு என்று சொன்னதும் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். ஜெயபாலன் தட்டவில்லை.

"நூத்தி எண்பத்தேழு பேரா? லொங்காங்குக்குள்ளேருந்து எழுந்திரிச்சு வந்தாங்களா? அந்தப் பக்கம் நான் பார்த்ததெல்லாம் ரெண்டு நாய், ஒரு கால்வின்."

சிரிப்பு எழுந்தது. பமேலா சிரிக்காமல் கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"சரி, எண்ணியாச்சு. பாதையே வரட்டும்," என்றார் ஜெயபாலன், கையைத் துடைத்துவிட்டவர் போல. "ஆனா ரெண்டு பக்கமும் வேலி, ரெண்டு பக்கமும் கேட்டு. சின்னப் புள்ளைங்க சைக்கிள் ஓட்டுற எடம் பாருங்க. கண்ட ஆளும் உள்ள நடந்துகிட்டிருந்தா நல்லா இருக்காது. தப்பா எடுத்துக்காத தங்கச்சி, ஒந்தம்பி நல்ல பையன்தான். ஆனா..."

அந்த 'ஆனா'வை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் அந்த மண்டபத்தில் இல்லை. பதினாறு பேரும் பமேலாவைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காதவர்கள் போல வரைபடத்தைப் பார்த்தார்கள்.

பேசாமல் இருந்தால் பாதை வந்துவிடும் என்று நினைத்துத்தான் அவள் அங்கே வந்திருந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை. வாழ்நாள் முழுக்கச் செய்துவந்தது. இப்போது அந்த நூற்று எண்பத்தேழைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அந்த எண்ணுக்குள் தம்பியை ஒளித்துவைத்தது அவள்தான். ஒளித்துவைத்தவனுக்கு யார் சாவி கொடுப்பார்கள்? அவன் நடந்து கொண்டுவந்த பாதையில் அவனையே வெளியே நிறுத்திப் பூட்டுவார்கள். அதற்குக் கையெழுத்துப் போட்டதும் அவளாக இருக்கும்.

எழுந்தாள். நாலாக மடித்த தாளைப் பிரித்துக் கோகிலனின் முன்னால் வைத்தாள்.

"தம்பி, நான் எழுதிக் குடுத்தது சரியில்ல. அதுல அறுபத்தொண்ணு கால்வின் ஒருத்தன். தனியாத்தான் எண்ணினோம். நான்தான் சேர்த்து எழுதிட்டேன்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"பார்த்தீங்களா!" என்று ஜெயபாலன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல!"

"என்னாத்த பார்த்தீங்க?" பின்வரிசையிலிருந்து மங்களத்தின் குரல். "மத்தவன்லாம் போனவன் திரும்பித்தான வந்தான்? அங்கயே குடியிருந்துட்டானா? போறப்ப ஒண்ணு, வாறப்ப ஒண்ணு. கோடு போட்டவ நான். என்னைய கேளுங்க."

கோகிலன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கிள், ரோட்டுக்கு எண்ணுறப்பவும் இப்படித்தான். நம்பர் பிளேட் பார்க்கமாட்டோம். கடக்குற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு."

"கேட்டுக்குங்க!" என்றாள் மங்களம். "அண்ணே கோப்பி குடிக்க ஒருவாட்டி, பேப்பர் வாங்க ஒருவாட்டி, பேப்பர் வாங்கினப்ப மறந்த சிகரெட்டுக்கு ஒருவாட்டின்னு காடி எடுப்பாரு. அது மூணு காடி. எங்க கால்வின் மட்டும் ஒரு ஆளா?"

இந்தமுறை எழுந்த சிரிப்பில் ஜெயபாலனும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளவேண்டி வந்தது. கோகிலன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பமேலாவிடம் சொன்னான்.

"எண்ணுனது தப்பில்லக்கா. ஆனா ஒரே ஆளு அறுபத்தொண்ணுங்கறத மறைச்சு அனுப்பமுடியாது. ரெண்டு நம்பரையும் எழுதுவேன். மேல என்ன சொல்வாங்களோ தெரியாது. பாதையே இல்லன்னாலும் சொல்லலாம்."

"எழுதுங்க."

"எங்கேருந்து எங்க நடப்பாரு?"

அவள் வரைபடத்தின் அருகே போனாள். இரும்புப் பாலத்தைக் காட்டினாள். விரலை லொங்காங் ஓரமாக நகர்த்தி ரப்பர் மரங்களில் நிறுத்தினாள். கோகிலன் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்து, ஓரத்தில் கால்வினின் பேரை முழுதாக எழுதினான். எழுத்துக்கூட்டிச் சொன்னது பமேலாதான்.

வீட்டுக்கு வந்து கால்வினிடம் சொன்னாள். "எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். அறுபத்தொண்ணு நீன்னு. பாதை வராமயும் போகலாம்."

அவன் நடையை நிறுத்தினான். "அறுபத்திரெண்டுக்கா," என்றான். "மங்களக்கா ஜாமான் கட்டுறப்ப ஒண்ணு போனேன். பார்க்கல."

பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் பமேலா தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தடவை திறந்தாள். வந்த பதில் முழுச் சந்தோஷமும் இல்லை, முழுத் துக்கமும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் பாதைக்கு ஆள் போதாது. பாலத்திலிருந்து ரப்பர் மரங்கள் வரை நானூறு மீட்டருக்கு மட்டும் அனுமதி. பொதுநிலம் என்பதால் வேலியும் கேட்டும் கூடாது. மிச்ச நிலத்தில் ரோடு.

அடுத்த வருடம் பாதை போட்டார்கள். மூன்று மீட்டர் அகலம், பாதி நடக்க, பாதி சைக்கிளுக்கு, நடுவில் மஞ்சள் கோடு. முதல்நாள் கால்வின் பாலத்தில் நின்று வெகுநேரம் பார்த்தான். ஒரு காலை வைத்தான், எடுத்தான். பிறகு சிமெண்டுக்கு வெளியே இறங்கி, லொங்காங் பக்கத்துப் புல்லில் நடந்துபோய் மரத்தைத் தொட்டுவிட்டு வந்தான். இரண்டு மாதத்தில் பாதைக்குப் பக்கத்திலேயே ஓர் அடி அகலத்தில் புல் தேய்ந்து இன்னொரு மண்தடம் விழுந்தது. பமேலாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு விட்டுவிட்டாள்.

கோகிலன் இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறான். மங்களம் மகளோடு கோலா கங்சாருக்குப் போய்விட்டாள், தீபாவளிக்கு வருவாள். ஜெயபாலனுக்குச் சர்க்கரை ஏறி, டாக்டர் நடக்கச் சொல்லி, தினம் மாலை அந்தப் பாதையில் நாலு சுற்று நடக்கிறார். கால்வினைக் கண்டால் கையைத் தூக்குவார். ரோடு வந்தது, அதில் எப்போதும் நெரிசல். பமேலா அதே கிளினிக்கில் அதே கௌண்டரில் இருக்கிறாள். கால்வின் நடக்கிறான்.