ஸுபைராவின் காகிதங்கள்

மனைவி ஸுபைராவை அடக்கம் செய்துவிட்டு வந்த மையவாடியின் மண் கால் விரல்களுக்கிடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாஹித் குழாயடியில் நின்று அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, சன்னல் வழியே அவளுடைய மேசை தெரிந்தது. மேசையில் ஒன்றுமில்லை.

ஈரக்காலோடு உள்ளே போனான். அச்சில் வந்த அவளுடைய இரண்டு நாவல்களும் மேல்தட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தன. கையால் எழுதிய புது நாவலின் கட்டைக் காணவில்லை.

"ஹம்ஸியா, இதுல இருந்த காயிதமெல்லாம் எங்க?"

தங்கை காலையில்தான் மொனராகலையிலிருந்து வந்திருந்தாள். "கட்டிலுக்குக் கீழயும் கெடந்திச்சி நானா. ஓதுற எழுத்து, ஆக்கள்ட கால்ல படப்படாதே. மதினிட கபன் துணியில மிஞ்சினதுல கட்டி பள்ளிவாசல் மோதினார்ட்ட குடுத்துட்டேன். பழைய குர்ஆன், கிதாபுகளோட மையவாடியில அடக்கிருவாரு."

அவனுக்குக் கோபம் வரவில்லை. செருப்பைத் தேடினான். வந்தவர்களின் செருப்புகளுக்குள் அது கிடைக்கவில்லை. வெறுங்காலோடு நடந்தான்.

ஸுபைரா கடல் தாண்டி வாணியம்பாடியிலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். பிறந்த வீட்டுப் பேச்சே உருது. அவள் ஆட்கள் ஜனாஸா அடக்கத்தைப் போனில்தான் பார்த்தார்கள். ஹைதராபாத்தில் அச்சாகும் அவள் புத்தகங்களை வாசிக்க, அவனுக்குத் தெரிந்து பதுளையில் ஒருவருமில்லை. அவனும்தான்.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாததும் நல்லதுதாங்க. உங்களப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதலாம்" என்று சிரிப்பாள். என்ன கதை என்று கேட்டால், "முடியட்டும், சொல்றேன்" என்பாள். பிறகு அவனைக் கேட்பாள்: பெரகல சந்தியில் பனி எந்நேரம் இறங்கும்? வெலிமடை பஸ்ஸில் லீக்ஸ் மூட்டை எப்படி மணக்கும்? அவன் சொல்வதை அந்தக் காகிதங்களில்தான் எழுதிக்கொள்வாள். வேறு பிரதி கிடையாது. டெங்குக் காய்ச்சல் முந்திக்கொண்டது.

மையவாடி மூலையில் மோதினார் குழிக்குள் மண் தள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளை மூட்டையின் முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது.

"நிப்பாட்டுங்க மோதினார். அது கிதாபு இல்ல."

"அரபு எழுத்துண்டு தங்கச்சி சொன்னாவே?"

"உருது. என்ட பொஞ்சாதி எழுதின கத."

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். அந்தப் பக்கம் இருந்த புது மண்மேட்டை ஒருமுறை பார்த்தார். குனிந்து மூட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்னத்தப் பத்தின கத, மகன்?"

"தெரியா."

வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தான். ஓரங்கள் நனைந்திருந்தன. உள்ளே மை கலையவில்லை. முதல் பக்கத்தை எடுத்து வலப்புறமிருந்து பார்த்தான். எழுத்துகளில் பெரும்பாலானவை சின்ன வயதில் குர்ஆன் ஓதிப் பழகியவை. கூட்டிப் பார்த்தால் எதுவும் சொல்லாகவில்லை.

ஹம்ஸியாவின் பிள்ளைகள் வாசலில் ஓடிப்பிடித்து விளையாடின. அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்க. மாமா ஓதுறாரு."

வாஹித் ஒரு பக்கத்தை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடுத்த பக்கத்தை எடுத்தான்.